குருவி எதையும் மாற்றிக்கொள்ளவில்லை: இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது

2018 ஜனவரியில், அப்போது ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை என்றார். ஆகவே டார்வின் சொன்னது தவறு, பாடத்திலிருந்து அதை எடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. ஐந்து ஆண்டு கழித்து, 2023ல், ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் வெறும் ‘மரபு’ என்று சுருங்கியது. கொரோனா காலத்தில் சுமையைக் குறைக்க என்று நீக்கியதை அப்படியே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமாக 1,800க்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு முழுக்குப் போடும் பிள்ளைகள்தான் அதிகம் என்பது அந்தப் பதிலில் அடங்கவில்லை.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே பரிணாமத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அதைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடம் பரிணாமம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். “சூழலுக்கு ஏற்ப உயிரினங்கள் தங்களை மாற்றிக்கொண்டு வளர்ச்சி அடைவது” என்று பதில் வரும். இந்த ஒரு வாக்கியத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு சொல்லும் தவறான திசையைக் காட்டுகிறது.

சொற்களிலேயே தொடங்கும் குழப்பம்

முதலில் ‘மாற்றிக்கொள்’. தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை வந்தால், தனக்காகத் தானே செய்கிறது என்று பொருள் வந்துவிடும். ‘சட்டையை மாற்றினான்’ என்பதற்கும் ‘மாற்றிக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ‘தகவமைத்துக்கொள்ளும்’ என்று எழுதும்போது, நிலைமையைப் பார்த்து ஒரு விலங்கு ஏதோ முடிவெடுத்து உடம்பைத் திருத்தியது போல ஒரு படம் மனதில் விழுகிறது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டியது, நீண்ட கழுத்து குட்டிக்கும் வந்தது என்கிற பழைய கதை அது. பிரான்சின் லாமார்க் 1809ல் வெளியிட்ட நூலில் இருக்கும் கருத்து. வாழ்நாளில் பழகி வந்த மாற்றம் இப்படிப் பிள்ளைக்குப் போவதில்லை. எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்? ஆனாலும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத்தான் குத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது ‘பரிணாம வளர்ச்சி’. மேடையிலும் பத்திரிகையிலும் ‘பரிணாமம்’ தனியாக வருவது அபூர்வம். ‘வளர்ச்சி’யைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே போகும் ஏணி, உச்சியில் நாம் என்று ஆகிவிடுகிறது. குகையின் இருட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணை இழந்த மீன்களும் பரிணாமத்தின் விளைவுதான். அதை வளர்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘தேர்வு’ என்றால் தேர்ந்தெடுக்கிறவர் ஒருவர் வேண்டும். விதைநெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கும் விவசாயி செய்வது உண்மையான தேர்வு. டார்வினும் அங்கிருந்துதான் தொடங்கினார். 1859ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் பெரிய இடம் புறா வளர்ப்பவர்களுக்கும் அவர்கள் பிரித்தெடுத்த விதவிதமான புறாக்களுக்கும்தான். மனிதர் தேர்ந்தெடுத்தால் இவ்வளவு நடக்கிறது. யாருமே தேர்ந்தெடுக்காமல், சாவும் பிறப்பும் மட்டுமே சல்லடையாக இருந்தால்? அதுதான் இயற்கைத் தேர்வு. 

கடைசியாகக் ‘கோட்பாடு’. பேச்சில் ‘தியரி வேற, பிராக்டிகல் வேற’ என்போம். அறிவியலில் அந்தச் சொல்லின் எடை வேறு. எண்ணற்ற தகவல்களைச் சேர்த்து விளக்கி, எதைத் தேடினால் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, அந்தச் சோதனையில் தேறிய விளக்கத்துக்குத்தான் கோட்பாடு என்று பெயர். மீனுக்கும் நிலத்தில் நடக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் எந்த வயதுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் பல ஆண்டுகள் தேடினார்கள். 2004ல் கிடைத்தது டிக்டாலிக்: செதிலும் துடுப்பும் உண்டு, கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. “யார் பார்த்தார்கள்” என்ற கேள்விக்கு இது ஒரு வகைப் பதில். கண்ணெதிரே பார்த்த பதில் இன்னொன்று இருக்கிறது, அது கீழே.

நடப்பதற்கு என்ன வேண்டும்

மூன்றே மூன்று நிபந்தனைகள். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இயற்கைத் தேர்வு நடக்காமல் இருக்க வழியில்லை.

1. வேறுபாடு. ஒரே இனத்தில் எல்லாமே அச்சில் வார்த்தது போல இருக்கக் கூடாது. உயரம், நிறம், அலகு, நோய் தாங்கும் திறன் என்று ஏதோ ஒன்றில் கூடக்குறைய இருக்க வேண்டும்.

2. மரபு. அந்த வேறுபாட்டில் ஒரு பங்காவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர வேண்டும்.

3. பிழைப்பதிலும் பெருகுவதிலும் ஏற்றத்தாழ்வு. பிறப்பவை எல்லாம் பிழைத்துப் பிள்ளை பெறுவதில்லை. யார் எத்தனை சந்ததியை விட்டுப் போகிறார் என்பது அந்த வேறுபாட்டைப் பொறுத்து மாற வேண்டும்.

இவ்வளவுதான். இதில் ஆசைக்கோ முயற்சிக்கோ திட்டத்துக்கோ இடம் கிடையாது. டார்வினும், மலாய்த் தீவுகளில் மாதிரிகள் சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் வாலஸும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். இருவரது கட்டுரைகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகவே வாசிக்கப்பட்டன. இரண்டாவது நிபந்தனையின் உள்வேலை என்ன என்பது இருவருக்கும் தெரியாது. மரபணு என்ற கருத்தே அப்போது இல்லை.

ஒரு தீவு, ஒரு வறட்சி, அரை மில்லிமீட்டர்

தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில் கலபகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் டாஃப்னி மேஜர் என்பது நூறு ஏக்கருக்கும் குறைவான எரிமலைப் பாறைத் தீவு. மனிதர் குடியில்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973ல் இங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். குருவிகளை வலையில் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி, எடை, இறக்கை, அலகு எல்லாவற்றையும் அளந்து விட்டுவிடுவார்கள். தீவு சின்னது என்பதால், எந்தக் குருவி யாருடைய குஞ்சு, எது செத்தது, எது ஜோடி சேர்ந்தது என்று ஊர்க் கர்ணம் மாதிரி கணக்கு வைக்க முடிந்தது. 

அவர்கள் அதிகம் கவனித்தது நிலத்தில் விதை பொறுக்கும் நடுத்தர அளவுள்ள ஃபிஞ்ச் என்ற குருவி இனம். அளந்தவற்றில் முக்கியமானது அலகின் தடிமன், அதாவது அலகு முகத்தோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரையிலான உயரம். சராசரி சுமார் 9.4 மில்லிமீட்டர். சிலவற்றுக்கு எட்டு, சிலவற்றுக்குப் பதினொன்று. முதல் நிபந்தனை சரி. தடித்த அலகுள்ள பெற்றோருக்குப் பெரும்பாலும் தடித்த அலகுள்ள குஞ்சுகளே பிறக்கின்றன என்பதும் ஏற்கெனவே அளந்து உறுதியாகியிருந்தது. இரண்டாவதும் சரி.

1977ல் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டின் மழைக்காலத்தில் சுமார் 130 மில்லிமீட்டர் பெய்த தீவில் வெறும் 24 மில்லிமீட்டர். செடிகள் பூக்கவில்லை, புது விதை விழவில்லை. இருந்த சிறிய மென்மையான விதைகளைக் குருவிகள் சில மாதங்களில் பொறுக்கித் தீர்த்தன. அப்புறம் மிஞ்சியது பெரிய, கடினமான விதைகள். அதில் முக்கியமானது நெருஞ்சியின் காய். ஆமாம், நம் வெற்றுக் காலைப் பதம் பார்க்கும் சிறுநெருஞ்சியின் உடன்பிறப்பான இனம்தான் அங்கேயும் தரையில் படர்கிறது. முள்ளோடு கூடிய அந்தக் காய்த்துண்டைத் தடித்த அலகுள்ள குருவி மூலையில் கவ்வி, திருகி, உடைத்து உள்ளே இருக்கும் விதையை எடுத்துவிடும். அலகு அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் அந்த வேலை நடக்காது. சில தரம் முயன்று விட்டுவிட்டுப் போய்விடும், அல்லது தொடவே தொடாது.

அந்த ஆண்டு கிட்டத்தட்ட எந்த ஜோடியும் குஞ்சு பொரிக்கவில்லை. சுமார் 1,200 இருந்த இனத்தில் மிஞ்சியவை 200க்கும் குறைவு. நூற்றுக்கு 85 செத்துவிட்டன. தப்பியவற்றை மறுபடி அளந்தபோது அலகுத் தடிமனின் சராசரி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 9.4லிருந்து 10. எந்தக் குருவியின் அலகு வளர்ந்தது? ஒன்றின் அலகும் வளரவில்லை. உயிரோடு இருந்த ஒவ்வொரு குருவிக்கும் வறட்சிக்கு முன்பு என்ன அலகோ அதேதான் பின்பும். ஒரு வகுப்பில் குள்ளமான பத்துப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் வகுப்பின் சராசரி உயரம் கூடும். அங்கே யாரும் ஒரு அங்குலம்கூட வளர்ந்திருக்க மாட்டார்கள். மாறியது கூட்டத்தின் கணக்கு. தனி உயிர் எதுவும் எதையும் ‘மாற்றிக்கொள்ளவில்லை’.

ஆனால் இதோடு நின்றால் அது வெறும் சாவுக் கணக்கு, இன்னும் பரிணாமம் ஆகாது. 1978ல் மழை பெய்தது, தப்பியவை ஜோடி சேர்ந்தன, குஞ்சுகள் வந்தன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்தபோது அவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாக 4 சதவீதம் தடிமனாக இருந்தது. ஒரே தலைமுறையில், அளவுகோலில் தெரியும் மாற்றம். இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும், நம் வாழ்நாளில் பார்க்க முடியாது என்றுதான் டார்வினே நினைத்தார்.

திசை என்று ஒன்று இல்லை

அப்படியானால் அலகு தடித்துக்கொண்டே போகுமா? 1982-83ல் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைப் புரட்டிப்போடும் நிகழ்வு. 24 மில்லிமீட்டர் கண்ட அதே தீவில் 1,300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடிவிட்டன. நிலமெங்கும் சிறு விதை. அடுத்து வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுள்ள குருவிகளே அதிகம் தப்பின. கணக்கு மறுபக்கம் சாய்ந்தது.

மூன்றாவது திருப்பம் 2004-05 வறட்சியில் வந்தது. 1977 போலவே வறட்சி, ஆனால் முடிவு நேர் எதிர்: இந்தத் தடவை பெரிய அலகுக்காரர்கள் செத்தார்கள். காரணம், 1982 வாக்கில் தீவில் குடியேறி மெல்லப் பெருகியிருந்த இன்னொரு இனம், இவற்றைவிடப் பெரிய அலகுள்ள நிலக் குருவி. நெருஞ்சியை அது தீர்த்துவிட்டது. அதனோடு போட்டிக்கு நின்ற நடுத்தரக் குருவிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சிறு விதையில் பிழைத்த சிறிய அலகுக்காரர்கள் தப்பினார்கள். இந்தக் குருவிகளின் இரத்த மாதிரிகளை வைத்து 2016ல் வெளியான ஆய்வு, அலகின் அளவோடு தொடர்புடைய எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவைச் சுட்டியது. அந்த மரபணுவின் இரு வடிவங்களில் ஒன்றை வைத்திருந்தவை வறட்சியில் கூடுதலாகச் செத்திருந்தன.

‘வல்லவன் வாழ்வான்’ என்று டார்வின் பெயரில் சொல்கிறார்களே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். 1977ல் வல்லவன் யார், 1985ல் யார், 2005ல் யார்? ‘தக்கது பிழைக்கும்’ என்ற தொடரே ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கியது. டார்வின் 1869ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பலசாலிக்கே உலகம் என்று நினைத்தவர்கள் அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது

டிஎன்ஏ நகலாகும்போது நேரும் எழுத்துப்பிழைகளே மூலதனம். ஒவ்வொரு மனிதக் குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதுப் பிழைகளைச் சராசரியாக அறுபது, எழுபது சுமந்துகொண்டு பிறக்கிறது. பெரும்பாலானவை எதுவும் செய்யாது, சில கெடுக்கும், அபூர்வமாகச் சில உதவும். இதற்குச் சடுதிமாற்றம் என்று பெயர். தேவை வந்தது என்பதற்காக அந்தத் தேவைக்கு ஏற்ற பிழை வருவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

இதை மருந்துக்கடை உதாரணத்தில் பார்க்கலாம். “உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிடுச்சு, அதான் கேட்கல” என்று சொல்வது வழக்கம். ஆன்டிபயாடிக் விஷயத்தில் பழகியது உடம்பு அல்ல. பழகியது பாக்டீரியாவும் அல்ல. மருந்தைத் தாங்கும் மரபணு கூட்டத்தில் ஏதோ ஒன்றிரண்டிடம் இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றது. காலியான இடத்தில் அந்த ஒன்றிரண்டின் வாரிசுகள் பெருகின. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டு உறைந்து கிடந்த மண்ணில், பென்சிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் தாங்கும் மரபணுக்கள் இருப்பதை 2011ல் கண்டறிந்தார்கள். ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டதே 1928ல்தான். மருந்துக்கடை வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பே பதில் மண்ணில் கிடந்திருக்கிறது. காரணம், பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று கொல்ல இதே வகை வேதிப்பொருள்களைக் காலங்காலமாகச் சுரந்து வந்தவை. 

“எல்லாம் தற்செயல் என்றால் கண் போன்ற ஒன்று எப்படி வரும்?” என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். பிழை வருவது தற்செயல். தங்குவது தற்செயல் அல்ல. பத்துப் பகடையை உருட்டிப் பத்திலும் ஒரே நேரத்தில் ஆறு விழ வேண்டுமென்றால் ஆறு கோடிக்கும் மேற்பட்ட வாய்ப்புகளில் ஒன்று. ஆனால் ஆறு விழுந்ததை எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் உருட்டிக்கொண்டே வந்தால், பதினைந்து இருபது தடவையில் முடிந்துவிடும். உவமையில் ஒரு குறை உண்டு: பகடையில் ‘ஆறு’ என்ற இலக்கு முன்பே இருக்கிறது, இயற்கையில் அப்படி இலக்கு கிடையாது. அந்தந்த நேரத்தில் எது சற்று உதவுகிறதோ அது தங்குகிறது, அவ்வளவே.

எல்லா மாற்றமும் இயற்கைத் தேர்வால் வருவதும் இல்லை. சிறிய கூட்டத்தில் புயலோ விபத்தோ யாரைக் கொண்டுபோகிறது என்பதாலேயே மரபணு விகிதம் மாறிவிடும். அதற்கு மரபணு நகர்வு என்று தனிப் பெயர்.

‘தக்கது’ என்பதன் விலை

அரிவாள் இரத்தசோகை இந்தியாவில் முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952ல். இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். காரணம் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து. அந்த மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நாளங்களில் அடைத்து, தாங்க முடியாத வலியும் உறுப்புச் சேதமும் வரும். இப்படி ஆளைக் கொல்லும் மரபணு ஏன் இன்னும் அழியவில்லை?

ஆண்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954ல் பதில் சொன்னார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவருக்கு நோய் பெரும்பாலும் தெரியாது. கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் உண்டு. மலேரியா கொன்று குவித்த காடுகளில் அவர்களே அதிகம் தப்பினார்கள். ஆனால் அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு. சிலர் தப்பிய கணக்கும் சிலர் மடிந்த கணக்கும் ஒரே பேரேட்டில் இருப்பதால் மரபணு பெருகவும் இல்லை, அழியவும் இல்லை. மலேரியா ஒழிந்த இடத்தில் அதே மரபணுவுக்கு எந்த லாபமும் கிடையாது, நஷ்டம் மட்டும்தான்.

சரி, குரங்கு?

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?” கேள்வியே தவறாக அமைந்திருக்கிறது. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது; அது இன்றைய மனிதனும் அல்ல, இன்றைய சிம்பன்சியும் அல்ல. பங்காளி வீடு இருக்கும்போது என் வீடு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சொத்துப் பத்திரம் மாதிரி ஒரு சான்றும் நம் செல்லுக்குள் இருக்கிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் குரோமோசோம் 48, நமக்கு 46. பொது மூதாதை உண்டென்றால் ஒரு ஜோடி எங்கே போனது? நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ தொடர்கள் எதிரெதிராக ஒட்டி நிற்கின்றன. ஒன்று போதுமான இடத்தில், செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்திழுக்க உதவும் மையப்புள்ளி (சென்ட்ரோமியர்) இன்னொன்று செயலிழந்து கிடந்த தடமும் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிய தையல் அது.

களை பறிக்கும் கை

நெல் வயலில் நாற்றோடு சேர்ந்து முளைக்கும் குதிரைவாலிப் புல், பக்கவாட்டில் படர்ந்து, அடித்தண்டு சிவந்து இருந்தால் களை எடுப்பவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவார்கள். அதிலேயே ஒரு வகை, நெற்பயிர் போலவே நிமிர்ந்து, அடித்தண்டும் பச்சையாக நிற்கும். கதிர் வரும்வரை பழகிய கண்ணும் ஏமாறும். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இந்த வகையின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள், அது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து பெருகியது என்று 2019ல் கணித்தார்கள். தூர் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் தேர்வின் தடம் இருந்தது.

புல்லுக்குக் கண் கிடையாது, நெல்லைப் பார்த்து நடிக்கவும் தெரியாது. களை எடுத்தவர்களும் நெல் போன்ற களையை உருவாக்க நினைத்தவர்கள் அல்ல. நெல் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து நின்றது பட்டத்துக்குப் பட்டம் கைக்குத் தப்பி விதை உதிர்த்தது. இன்று பல வயல்களில் கைக்களை போய்க் களைக்கொல்லி வந்துவிட்டது. மருந்துக்கு நிமிர்ந்த தண்டும் ஒன்றுதான், படர்ந்த தண்டும் ஒன்றுதான். களைக்கொல்லியைத் தாங்கும் குதிரைவாலி வகைகள் பல நாடுகளின் நெல் வயல்களில் ஏற்கெனவே முளைத்து நிற்கின்றன.